மரத்துப்போன பாதத்துக்குச் சீனக் கஷாயம்: வாங்குவது, வைப்பது, பயன் அளப்பது

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் வந்து 14 வருடம். அவர் வேலைக்காக நாங்கள் சீனாவில் உள்ள குவாங்சோவுக்கு வந்து 9 வருடம். போன வருடம் ஒரு ராத்திரி அவர் கழிவறைக்குப் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது காலில் இல்லை. "இன்னொரு செருப்பு எங்கேங்க?" என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அது கழன்று போனதே அவருக்குத் தெரிந்தது. கூடத்தின் நடுவில் கிடந்தது. அங்கிருந்து கட்டில் வரை குளிர்ந்த டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். அந்தக் குளிர்ச்சியும் அவருக்கு எட்டவில்லை.

அதற்கு முன்பே பல மாதமாக, "காலில் எறும்பு ஊறுற மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படுத்தால் எரிச்சல். போர்வை நுனி பட்டாலே காலை இழுத்துக்கொள்வார். வயதாகிறது, நாள் முழுக்க நிற்கிறார், அதனால்தான் என்று விட்டுவிட்டோம். செருப்பு கழன்ற அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

அதன்பிறகு ஏழு மாதமாக எங்கள் வீட்டு அடுப்பில் தினம் ஒரு மண்சட்டி கொதிக்கிறது. நான் மருத்துவர் இல்லை. சீன மருத்துவரிடம் கூட்டிப்போய், சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டு, மருந்து வாங்கி, கஷாயம் வைத்து, குடித்தபின் என்ன மாறியது என்று நோட்டில் எழுதிவருகிறேன். நரம்பு பாதிப்புக்குச் சீன மூலிகையை முயன்று பார்க்க நினைக்கிறவர்களுக்கு எது எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரிசை மாறினால் ஆபத்து. அதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

சட்டியை எடுப்பதற்கு முன்னால்

கால் மரமரப்பு என்பது ஒரு நோய் இல்லை. பல நோய்கள் வந்து நிற்கிற ஒரே வாசல் அது. சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு, மது, புற்றுநோய் மருந்து, முதுகெலும்பில் நரம்பு நசுங்குவது என்று எதனாலும் வரலாம். காரணம் தெரியாமல் கஷாயம் வைத்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

சீனாவில் இதற்கு அலைய வேண்டியதில்லை. பெரிய சீன மருத்துவமனைகளிலேயே ரத்தப் பரிசோதனையும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் உண்டு. நாடி பார்க்கிற மருத்துவரே மூன்று மாதச் சர்க்கரை அளவையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். எங்களுக்கு அப்படித்தான் பி12 குறைவாக இருப்பது தெரியவந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 குறையலாம், அந்தக் குறைவே நரம்பைக் கெடுக்கும். அவர் 14 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஆகவே முதல் சீட்டில் முதல் வரியில் வந்தது மூலிகை இல்லை, மெத்தில்கோபாலமின் என்கிற பி12.

சில அறிகுறிகளுக்கு மூலிகை பற்றி யோசிக்கவே நேரமில்லை. முகம் ஒரு பக்கம் திடீரென்று கோணினால், ஒரு பக்கக் கையோ காலோ விழுந்துபோனால், பலவீனம் பாதத்திலிருந்து நாளுக்கு நாள் மேலே ஏறினால், தொடை இடுக்கு மரத்து சிறுநீர் கட்டுப்பாடு போனால், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பயன். முகவாதத்துக்குச் சீன மருத்துவத்தில் பழைய சூரணம் ஒன்று உண்டு. தேளும் பட்டுப்புழுவும் சேர்ந்தது. அதைத் தேடிக்கொண்டே அந்த மூன்று நாளைக் கோட்டைவிடக் கூடாது.

அவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்

சீன மருத்துவம் 'நரம்பு' என்று பேசுவதில்லை. மரமரப்புக்கு 'மாமு' என்று பெயர். அது 'பீ' என்கிற பெரிய வகைக்குள் வரும். பீ என்றால் அடைப்பு. உடம்பில் ஓட வேண்டியது ஓடாமல் தேங்கி நிற்பது. வலியாக நிற்கலாம், மரமரப்பாக நிற்கலாம். எங்கள் மருத்துவர் வாய்க்காலை உதாரணம் சொன்னார். கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் வாய்க்காலில் அடைப்பு இருக்கலாம், இல்லை, ஆற்றிலேயே தண்ணீர் குறைந்திருக்கலாம். அடைப்பென்றால் திறந்துவிடுகிற மூலிகை, குறைவென்றால் ஊட்டுகிற மூலிகை. நீண்ட நாள் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்குமாம்.

இதற்கு மிகப் பழைய யோகம், அதாவது மருந்துக் கலவை, ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிழக்கு ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில், அதாவது சுமார் 1800 வருடத்துக்கு முன்னால், ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதிவைத்தது. உடம்பு உணர்வற்றுப் போவதை 'ரத்த பீ' என்று குறித்து, ஐந்தே சரக்கு சொல்லியிருக்கிறார்: ஹுவாங்சி என்கிற அஸ்ட்ராகலஸ் வேர், பியோனி வேர், குய்ஜி என்கிற பட்டை மரத்தின் இளங்கொம்பு, பச்சை இஞ்சி, இலந்தை. இஞ்சியின் எடை மற்ற வேர்களைப் போல இரண்டு மடங்கு.

இன்னொன்று வாங் சிங்ரென் என்ற மருத்துவர் 1830இல் வெளியிட்ட நூலில் வருவது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்களுக்கு அவர் சொன்ன கஷாயம் அது. அந்த அளவைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை. ஹுவாங்சி மட்டும் 4 லியாங் (பழைய சீன எடை அளவு). மற்ற ஆறு சரக்கும் சேர்ந்து ஒரு லியாங்கூட வராது, முக்காலே லியாங்தான். ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி முதலில் வர வேண்டும், அடைப்பை எடுக்கிற வேலை அதன் பின்னால் சிறிதளவு போதும் என்பது அவர் கணக்கு.

இந்த இரண்டு யோகங்களையும்தான் இன்றைய மருத்துவர்கள் ஆளுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்து எழுதுகிறார்கள். உங்கள் சீட்டில் ஹுவாங்சி முதலில் இருந்தால், இந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

மருத்துவரிடம் போகும்போது

சந்துக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பவர் எல்லாம் மருத்துவர் இல்லை. சீனாவில் மருத்துவம் பார்க்க உரிமம் வேண்டும். மருத்துவமனையில் வரிசைச் சீட்டு எடுத்து, சீன மருத்துவ நரம்புப் பிரிவுக்கோ நாளமில்லாச் சுரப்பிப் பிரிவுக்கோ போங்கள். மொழி வராதவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. கைபேசி மொழிபெயர்ப்பு 'மரத்துப்போகிறது' என்பதையும் 'விறைத்துப்போகிறது' என்பதையும் குழப்பிவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

போவதற்கு முன் நாக்கை வழிக்காதீர்கள். காபி, மஞ்சள் சேர்த்த சாப்பாடு எதுவும் வேண்டாம். நாக்கின் நிறமும் அதன் மேல் படிந்த மாவும் அவர்களுக்கு முக்கியம். முதல் நாள் என் வீட்டுக்காரர் வழக்கம்போலப் பளிச்சென்று வழித்துவிட்டுப் போய், மருத்துவர் இன்னொரு நாள் வரச் சொன்னார். நாடியை இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். கேள்விகள் நீளமாக இருக்கும்: குளிர்ந்தால் கூடுகிறதா, வெந்நீர் பட்டால் சுகமா, ராத்திரியில் கூடுகிறதா, மலம் இறுகலா, வியர்வை எப்படி. பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். குளிரில் கூடும் மரமரப்புக்கு எழுதுகிற சூடான சரக்கை எரிச்சல் காலுக்குக் கொடுத்தால் எரிச்சல் இன்னும் ஏறும்.

கட்டாயம் எடுத்துப்போக வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் சாப்பிடும் எல்லா ஆங்கில மாத்திரைகளின் அட்டைகள். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு டாங்குய், டான்ஷென் போன்ற வேர்கள் சேர்ந்தால் ரத்தம் உறையாமல் போகும் அபாயம் இருக்கிறது. சீன அதிமதுரம் பாதிச் சீட்டுகளில் வரும், ஆனால் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். எங்கள் வீட்டில் அழுத்த மாத்திரையும் உண்டு என்பதால் மருத்துவர் அதிமதுரத்தைச் சேர்க்கவே இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஹோங்ஹுவா, நியூஷி போன்ற ரத்தம் நகர்த்தும் சரக்குகள் ஆகாது. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையைத் தொடங்குமுன் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் முதல் சீட்டில் 'டிலோங்' 10 கிராம் என்று இருந்தது. சொல்லுக்கு 'நிலத்து டிராகன்' என்று பொருள். மருந்தகத்தில் தட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது, காய்ந்த மண்புழு. பிளந்து, தட்டையாகக் காயவைத்து, பழுப்பு நாடா மாதிரி இருந்தது. இவர் முட்டைகூடத் தொடாதவர். மருத்துவரிடம் திரும்பிப் போய்ச் சொன்னோம். அவர் முகம் சுளிக்காமல் அதை அடித்துவிட்டு, ஜிஷ்வேதெங் என்கிற கொடியை 15 கிராம் எழுதினார். தேள், பூரான், பட்டுப்புழு இதெல்லாம் நரம்புச் சீட்டுகளில் சாதாரணம். வேண்டாமென்றால் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

அவருக்குக் கடைசியில் நின்ற சீட்டு இது: ஹுவாங்சி 30 கிராம், பியோனி வேர் 15, குய்ஜி 10, டாங்குய் 10, ஜிஷ்வேதெங் 15, நியூஷி 10, இஞ்சி ஐந்து வட்டம், இலந்தை மூன்று. இலந்தை வழக்கமாக இன்னும் அதிகம் போடுவார்களாம். இனிப்பு என்பதால் சர்க்கரைக்காரருக்குக் குறைத்தார். இதை இங்கே எழுதியது, ஒரு சீட்டு எப்படி இருக்கும் என்று காட்டத்தான். இதே அளவை உங்கள் வீட்டில் வைக்க வேண்டாம், அவருடைய நாக்குக்கும் நாடிக்கும் மாத்திரைக்கும் பார்த்து எழுதியது.

சரக்கு வாங்குவது

மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. எடை சரியாக இருக்கும், யார் கொடுத்தார்கள் என்ற பதிவும் இருக்கும். ஷாமியன் தீவுக்கு எதிரே இருக்கும் சிங்பிங் சந்தையை நானும் சுற்றிப் பார்த்திருக்கிறேன். சாக்குச் சாக்காக வேரும் கொடியும் குவிந்து, தெரு முழுக்க அந்த மணம்தான். ஆனால் அங்கே வாங்க, பார்த்துத் தெரிந்துகொள்கிற கண் வேண்டும்.

மாடி வீட்டுப் பாட்டி எனக்கு நாலு சரக்கு பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். ஹுவாங்சி வில்லையை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் மஞ்சளாகவும் ஓரத்தில் வெளுப்பாகவும், செவ்வந்திப்பூ விரிந்த மாதிரிக் கீற்றுகள் தெரிய வேண்டும். மென்றால் லேசான இனிப்பு, கூடவே பச்சைப் பயறு மென்ற வாசம். டாங்குய் வேரைக் கையில் எடுத்த உடனே மணம் தூக்க வேண்டும். கான்சு மாகாணத்து மின் வட்டாரத்து டாங்குய்க்குத்தான் பெயர். கட்டை மாதிரி உலர்ந்து எண்ணெய்ப் பசை இல்லாததும், வெட்டிய முகம் பச்சைப் பழுப்பாக இருப்பதும் மருந்துக்கு ஆகாது. புளித்த நெடி அடித்தால் கந்தகப் புகை போட்டு வெளுக்கவைத்தது என்று வைத்துவிடுங்கள்.

ஹோங்ஹுவா என்றால் குசும்பாப் பூ. இதில் சாயம் ஏற்றி விற்பார்கள். ஒரு சிட்டிகையை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல பூவென்றால் தண்ணீர் பொன்மஞ்சளாகும், பூ சிவப்பாகவே இருக்கும். தண்ணீர் சிவந்து பூ வெளுத்தால் அது சாயம். ஜிஷ்வேதெங் கொடியின் வெட்டுமுகத்தில் வளையம் வளையமாகக் கருஞ்சிவப்புப் பிசின் இருக்கும். பெயருக்கு 'கோழி ரத்தக் கொடி' என்று பொருள். கொதிக்கும்போது ஏன் அந்தப் பெயர் என்று தெரிந்துவிடும்.

கஷாயம் வைப்பது

நம் ஊர்க் குடிநீர் மாதிரி இடித்துப் போட்டு எட்டில் ஒன்றாகச் சுண்ட வைக்கக் கூடாது. நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன். பிசுபிசுவென்று தார் மாதிரி வந்தது. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே ஊற்றச் சொன்னார்.

மண்சட்டிதான் சிறந்தது. இல்லாவிட்டால் கண்ணாடி, பீங்கான் பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். இரும்பு, அலுமினியம், செம்பு வேண்டாம், சரக்கில் உள்ள துவர்ப்பு உலோகத்தோடு சேர்ந்து மாறிவிடும். பொட்டலத்தைப் பிரித்து, தூசி போக ஒரே ஒரு தடவை அலசுங்கள். தேய்த்துக் கழுவினால் சத்து போய்விடும். பிறகு பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். வெந்நீரில் ஊறவைத்தால் வேரின் மேல்பக்கம் இறுகி, உள்ளே இருப்பது வெளியே வராது. அழுத்திப் பார்த்தால் மருந்துக்கு மேலே சுமார் 3 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும்.

மூடி போட்டு, பெரிய தீயில் கொதி வரட்டும். கொதித்ததும் தீயைக் குறைத்து, அரை மணி நேரம் சிறு கொதியில் விடுங்கள். முதலில் குய்ஜியின் பட்டை வாசம் எழும்பும். பத்து நிமிடத்தில் டாங்குய் மணம் அதை அமுக்கிவிடும். கடைசியில் சட்டிக்குள் கருஞ்சிவப்பாகத் தளதளக்கும். நடுவில் அடிக்கடி மூடியைத் திறக்காதீர்கள், வாசனையோடு எண்ணெயும் போய்விடும். சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள், ஆறினால் சக்கை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

அதே சக்கையில் சரக்கு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு இன்னொரு இருபது நிமிடம். இது இரண்டாம் கஷாயம். இரண்டையும் கலந்துதான் காலை, மாலை என்று பிரிக்க வேண்டும். முதல் கஷாயத்தைக் காலையிலும் இரண்டாவதை மாலையிலும் தனித்தனியாகக் கொடுத்தால் ஒரு வேளை கெட்டி, ஒரு வேளை நீர்த்தது என்றாகிவிடும். மொத்தம் 400 மில்லி வந்தால் சரி. சாப்பிட்டு அரை மணி கழித்து, வெதுவெதுப்பாக 200 மில்லி. ஆங்கில மாத்திரைக்கும் இதற்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுகிறோம். மாலைப் பங்கைக் குளிர்பெட்டியில் வையுங்கள். அன்றன்றைக்கு வைத்ததை அன்றே முடித்துவிடுங்கள். அடி பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். பொட்டலம் போனால் போகட்டும்.

சீட்டில் சில பெயர்களின் ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு இருக்கும். 'முதலில் கொதிக்கவை', 'கடைசியில் போடு', 'துணியில் கட்டிப் போடு' என்று மூன்று விதம் உண்டு. அந்தப் பொட்டலம் தனியாக மடித்து வரும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டுவதற்கு முன்னால் சின்னப் பொட்டலம் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். இது சுவைக்காகச் சொன்ன குறிப்பு இல்லை. ஃபூசி என்கிற சரக்குக்கு 'முதலில் கொதிக்கவை' என்று போட்டிருந்தால், அதன் விஷம் முறிய அந்த நேரம் வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவமனையே காய்ச்சிப் பைகளில் அடைத்துத் தரும். வெந்நீரில் கரைக்கும் குருணை வடிவமும் உண்டு. ஊருக்குப் போகும்போது நாங்கள் குருணைதான் எடுத்துப்போகிறோம்.

தொடக் கூடாதவை

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

ஃபூசி, சுவான்வூ, சாவ்வூ மூன்றும் நாபி என்கிற விஷக் கிழங்கின் இனம். நம் சித்த மருத்துவத்தில் நாபி என்றால் எவ்வளவு எச்சரிக்கையோ, அதே எச்சரிக்கை இங்கேயும். குளிர் வலிக்கும் மரமரப்புக்கும் பதப்படுத்தி எழுதுவார்கள். பதப்படுத்தாத பச்சைச் சரக்கு, 1988இல் சீன அரசு போட்ட விஷ மருந்து விதிகளின் பட்டியலில் இருக்கிறது. சரியாகக் கொதிக்காமல் குடித்தால் முதலில் உதடும் நாக்கும் மரக்கும், அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஏற்கனவே மரமரப்புக்கு மருந்து குடிக்கிறவர் வாய் மரப்பதை 'மருந்து வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொள்வார், அதுதான் பயங்கரம். வாய் மரத்தால் உடனே அவசரப் பிரிவு.

மாசியன்சி நம் எட்டிக்கொட்டைதான். அதே ஸ்டிரிக்னின் விஷம். வாதத்துக்கும் கை கால் விழுந்ததற்கும் பதப்படுத்திய தூளை ஒரு கிராமுக்கும் குறைவாகக் கொடுப்பார்கள். அளவு தப்பினால் வலிப்பு. வீட்டில் எடை போடுகிற காரியம் இல்லை இது.

முதோங் என்ற பெயரில் ஒரு காலத்தில் குவான் முதோங் என்ற வேறொரு கொடியைப் போட்டுவந்தார்கள். அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்து, புற்றுநோயும் வரவைக்கும். 2003இல் சீன அரசே அதைத் தடை செய்தது. கை கால் சில்லிட்டு மரப்பதற்கான பழைய யோகம் ஒன்றில் முதோங் வருகிறது. பழைய வீட்டுச் சரக்கு, தேதி இல்லாத பொட்டலம் எதையும் வாங்காதீர்கள். சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கனவே களைத்திருக்கும்.

கடைசியாக, 'மூன்று நாளில் மரமரப்பு போகும்' என்று கைபேசியில் விற்கும் கறுப்பு மாத்திரைகள். சீனாவில் அங்கீகாரம் பெற்ற தயார் மருந்தின் பெட்டியில் அரசு ஒப்புதல் எண் இருக்கும், சீன மருந்தென்றால் அதில் 'இசட்' எழுத்தும் வரும். சர்க்கரை நரம்பு பாதிப்புக்கென்றே 'மூதான்' குருணை என்று அப்படி ஒரு தயாரிப்பு உண்டு, அதையும் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். எண் இல்லாத பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கால் ஊறவைப்பது பற்றி

இரண்டாவது மாதம் நடந்தது. பாட்டி அன்போடு ஒரு பொட்டலம் கொடுத்தார். சிச்சுவான் மிளகு, மாசிபத்திரி இனத்து இலை, குசும்பாப் பூ. கொதிக்கவைத்து ஆறவைத்துக் காலை ஊறவைத்தால் சுகமாக இருக்கும் என்றார். நான் வெதுவெதுப்பாக்கி வாளியில் ஊற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவருக்குச் சூடே தெரியவில்லை என்று, கெட்டிலில் இருந்த தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரம் செய்தி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மறுநாள் காலை இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். அது ஆற ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. சர்க்கரைக்காரர் காலில் ஒரு புண் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

சர்க்கரையால் உணர்வு போன காலை ஊறவைக்கவே கூடாது என்று மருத்துவர் அன்று கண்டிப்பாகச் சொன்னார். வெந்நீர்ப் பை, மூலிகைப் புகை, மாக்சா சூடு (மூலிகை இலையை எரித்துக் காட்டுவது) எல்லாமே அதில் அடங்கும். வேறு காரணத்தால் வந்த மரமரப்புக்கு மருத்துவர் அனுமதித்தால், வெப்பமானி வைத்து 38 டிகிரிக்குள், 10 நிமிடம், உணர்வுள்ள இன்னொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு. முடிந்ததும் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அந்த வாளியில் துணிதான் ஊறுகிறது.

பயன் இருக்கிறதா என்று பார்ப்பது

நறுக்கப்பட்ட நரம்பு திரும்ப வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் ஒரு வாரத்தில் தெளிந்தது என்று யார் சொன்னாலும் அது நரம்பு வளர்ந்ததால் இல்லை. எங்களுக்கு மருத்துவர் மூன்று மாதக் கெடு வைத்தார். மூன்று மாதத்தில் ஒன்றுமே மாறாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நரம்பு பாதிப்புக்குச் சீன மூலிகை கொடுத்துப் பார்த்த சோதனைகள் சீனாவில் நிறைய நடந்திருக்கின்றன. காக்ரேன் அமைப்பினர் அவற்றை ஒன்றாக வைத்து அலசி, சோதனைகளின் தரம் போதாது, இதை நம்பி முடிவு சொல்ல முடியாது என்றார்கள். ஜப்பானில் கோஷாஜின்கிகன் என்ற பழைய யோகத்தை, ஆக்சாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் வரும் நரம்பு பாதிப்பைத் தடுக்கக் கொடுத்துப் பெரிய சோதனை செய்தார்கள். 2015இல் வந்த முடிவில், வெறும் போலி மருந்து குடித்தவர்களைவிட அந்த மூலிகை குடித்தவர்களுக்கே பாதிப்பு அதிகமாக இருந்தது. கீமோ எடுக்கிறவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மடக்குக்கூடக் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பிறகு ஏன் நாங்கள் வைக்கிறோம்? மேற்கத்திய மருந்து எல்லாம் அப்படியே ஓடுகிறது, ரத்தப் பரிசோதனை ஒழுங்காக இருக்கிறது, மருத்துவர் கண்காணிக்கிறார், இவருக்கு ராத்திரி எரிச்சல் குறைந்திருக்கிறது. எரிச்சல் குறைந்தது கஷாயத்தாலா, பி12ஆலா, மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1இலிருந்து 7.2க்கு இறங்கியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்து என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

வீட்டிலேயே பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் ஆள்காட்டி விரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், மாறி மாறி ஒரு விநாடி தொடுவேன். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. பட்டது தெரிந்தால் "இடது", "வலது" என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கணக்கு. தொட்ட விரலையே திரும்பத் தொட்டுக் கேட்காதீர்கள், அவர்கள் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். ஞாயிறுதோறும் செய்து, தேதி போட்டு எழுதுகிறேன். அதோடு, தினமும் ராத்திரி டார்ச் அடித்து அவர் பாதத்தை நான் பார்க்கிறேன். குதிகால், விரல் இடுக்கு, நகத்தின் ஓரம். செருப்புக்குள் கையை விட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்கிறேன்.

தொடங்கியபோது ஆறில் ஒன்றுதான் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று. இரண்டு பெருவிரலும் சொன்னார், வலது நடுவிரலும் சொன்னார், கொஞ்சம் யோசித்துத்தான். இடது நடுவிரலுக்கும் சுண்டுவிரல்களுக்கும் பதில் இல்லை. வரும் வியாழக்கிழமை கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை. அது வரைக்கும் அதே சீட்டு, இலந்தை மூன்று.